குற்றாலத்தில் கைதான இதழாசிரியர்

குற்றாலம் என்றவுடன் இலக்கிய அன்பர்க்குத் திரிகூடராசப்பக் கவிராயரும் ரசிகமணியும் நினைவுக்கு வருவர். 1908ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவ்வூரில் நிகழ்ந்த கைது ஒன்றை நினைப்போர் சிலரே. உடல்நலம் நாடித் தென்காசியை அடுத்த அவ்வருவியூரில் தங்கியிருந்த சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரை அரசு இராசத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறைப்பிடித்தது.

ஐயர் 1855இல் திருவையாற்றில் பிறந்தவர். ஆசிரியப் பணி செய்தவர். முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பெற்றதை ஆங்கிலேயரின் இதழ்கள் இழித்துரைத்தபோது, நண்பர் ஐவருடன் கூடி, ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் பெற்று, 1878 செப்டம்பர் 20இல் ‘தி ஹிந்து’வைத் தொடங்கினார். அச்சிட்டவை 80 படிகள். 1882இல் சுதேசமித்திரன் வார இதழாக மலர்ந்து, 1899இல் நாளிதழாயிற்று. 1904இல் பாரதியைச் சென்னைக்கு அழைத்து உதவியாசிரியராக்கிய பெருமையும் இவருடையதே. கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்வித்த துணிவு தனியே எழுதத்தக்கது.

ஐயரின் படைக்கலம் அரசின் ஆவணங்களே. 1897இல் இலண்டனில் வெல்பி ஆணையத்தின்முன் சாட்சியம் அளித்தபோதும், 1903இல் ஆங்கில ஆட்சியின் பொருளாதாரக் கூறுகள் பற்றி நூல் வெளியிட்டபோதும், ஆள்வோர் அச்சிட்ட புள்ளிவிவரங்களைக் கொண்டே ஆள்வோரை வினவினார்.

அன்றைய சட்டம் இத்தகைய எழுத்துக்கு ஒரு கையால் நிழல் தந்து, மறுகையால் அதனைப் பறித்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, பொதுநலன் கருதிய உண்மையையும், அரசு ஊழியரின் பொது நடத்தை பற்றிய நல்லெண்ணக் கருத்தையும், நீதிமன்ற நடவடிக்கைகளின் மெய்யான செய்தியையும் அவதூறன்று என விலக்கியது. 1870இல் சேர்ந்த 124-அ பிரிவிலோ உண்மை என்பது விலக்காக இடம்பெறவில்லை. வெறுப்பைத் தூண்டாத கண்டனம் குற்றமாகாது என்னும் விளக்கம் ஏட்டில் இருந்தது. எது தூண்டும், எது தூண்டாது எனத் தீர்ப்பளித்தது அவ்வரசின் நீதிமன்றமே.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதாகி நெல்லைச் சீமை கொந்தளித்தது. சூலையில் அவருக்கு நாடு கடத்தல் தண்டனை. அதே மாதம் திலகருக்கு ஆறாண்டு. அடுத்து ஐயர்! நோயுற்ற உடலையும் அவர் அளித்த உறுதிமொழியையும் கருதி வழக்குக் கைவிடப்பட்டது. உறுதிமொழியைக் குறையாகக் கருதுவோர் உளர். நோயாளியொருவர், உண்மையைச் சான்றாகக் காட்டித் தப்ப இயலாத வழக்கில் நின்றார் என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்தல் தகும்.

அவர் தேடிய காப்பு, 86 ஆண்டுகள் கழித்து மற்றொரு தமிழ் இதழின் வழக்கில் வந்தது. நக்கீரன் ஆசிரியர் இராசகோபால் தொடுத்த வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நீதிமன்றப் பதிவுகள் உள்ளிட்ட பொது ஆவணங்களை ஆதாரமாகக் கொண்ட எழுத்தை அந்தரங்க உரிமையின் பெயரால் தடுக்கலாகாது என்றது. பாலியல் கொடுமை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு உள்ளான பெண்ணின் பெயர்க்கு அது விலக்களித்தது. அலுவல்சார் செயல்களைப் பற்றிப் பிழையாக எழுதப்பட்டாலும், உண்மையை அறவே பொருட்படுத்தாது எழுதப்பட்டதென மெய்ப்பித்தாலன்றி, அதிகாரிகள் இழப்பீடு கோரவியலாது என்றும் வரையறுத்தது. 124-அ பிரிவை அந்நீதிமன்றம் நிறுத்திவைத்தது 2022இல்தான்.

ஐயர் கண்டதோ 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தை. அச்சகங்களிடமும் இதழ்களிடமும் பிணைத்தொகை கோரிய சட்டம் அது. 1915இல் சுதேசமித்திரன் அ. ரங்கசாமி ஐயங்கார் பொறுப்புக்கு மாறியது. 1916 ஏப்ரல் 18இல் ஐயர் காலமானார்.