ஹார்ன்பி: கம்பெனி மூடியும் ஓய்வெடுக்காத அச்சுகள்... பொம்மை ரயில் மன்னனின் கதை!

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. டிசைன் வெட்டிய இரும்புக் கட்டி அது. வெள்ளித் தகட்டை வைத்து அடித்தால் பூ விழும், இலை விழும். ஒருமுறை காசு போட்டு வெட்டிவிட்டால் வருஷக்கணக்கில் சோறு போடும். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவது வேறு ரகம். அங்கே பெரும்பாலும் கைவேலைதான், மேஸ்திரியின் கண்ணளவுதான் மூலதனம்.

பொம்மை ரயில் தொழில், கொலுசுப் பட்டறை ரகம். இங்கிலாந்தில் 1959 வாக்கில் வெட்டிய அச்சுகளில் வார்த்த ரயில் எஞ்சின் கிட்கள் இந்தக் காலத்திலும் விற்பனையில் இருக்கின்றன. ஐபோன் மாடலே வருஷத்துக்கு ஒன்று மாறும் காலத்தில் இது கொஞ்சம் ஆச்சரியம்தான். இந்தத் தொழிலில் உலகமே அறிந்த பெயர் ஹார்ன்பி. அந்தப் பெயர் ஒரு பிராண்ட் ஆவதற்கு முன்னால் ஒரு கணக்குப்பிள்ளையின் பெயராக இருந்தது.

யார் இந்த ஃபிராங்க் ஹார்ன்பி?

1863 மே 15, லிவர்பூலில் பிறந்தார். அப்பா மளிகைச் சரக்கு வியாபாரி. 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் கடையிலேயே காசாளராகச் சேர்ந்தார். இன்ஜினீயரிங் படிப்பெல்லாம் கிடையாது. 1887-ல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டார். 1899-ல் அப்பா இறந்தார், கடையும் மூடப்பட்டது. அதன்பின் இறைச்சி இறக்குமதி செய்யும் டேவிட் எலியட் என்பவரிடம் கணக்கு எழுதும் வேலை. 36 வயது, சம்பளக்காரர், வீட்டில் பிள்ளைகள். இதுவரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மகன்களுக்காக வீட்டிலேயே தகரத்தை வெட்டி பொம்மைப் பாலம், கிரேன் எல்லாம் செய்துகொடுத்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒவ்வொரு உதிரி பாகம் வெட்டுவது பெரும்பாடாக இருந்திருக்கிறது. ஒருநாள் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே ஒரு கிரேனைப் பார்த்ததாகவும், ஒரே மாதிரிப் பட்டைகளை வெவ்வேறு விதமாக முடுக்கினால் என்ன என்ற யோசனை அப்போது வந்ததாகவும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தொழிலதிபர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் தள்ளுபடியோடு கேட்பது நல்லது. ஆனால் யோசனை நிஜம். அரை அங்குல அகலத்தில் பட்டை, அரை அங்குலத்துக்கு ஒரு துளை, போல்ட், நட். அவ்வளவுதான் சமாச்சாரம்.

1901 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்கான 5 பவுண்டைக்கூட முதலாளி எலியட்டிடம்தான் கடன் வாங்கினார். அடுத்த வருஷம் பெட்டி கடைக்கு வந்தது. விலை ஏழரை ஷில்லிங். லிவர்பூல் பல்கலைக்கழக இன்ஜினீயரிங் பேராசிரியர் ஹீல்-ஷா நற்சான்று கொடுத்தார். ஆனாலும் 1906 வரை லாபம் என்று எதையும் கண்ணில் பார்க்கவில்லை. 1907-ல் மெக்கானோ என்ற பெயரைப் பதிவு செய்த பிறகுதான் வண்டி வேகமெடுத்தது. சின்ன வயதில் மெக்கானிக்ஸ் பெட்டியோடு விளையாடியிருந்தால் உங்களுக்கு இது புரியும். அந்தக் குடும்பத்தின் கொள்ளுத் தாத்தா மெக்கானோதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த அரை அங்குலத்தை ஹார்ன்பி கடைசிவரை மாற்றவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களும் மாற்றவில்லை. 1910-ல் வாங்கிய பட்டையோடு பல பத்தாண்டு கழித்து வாங்கிய பட்டையை முடுக்கலாம். பழசை வைத்திருப்பவனுக்குத்தான் புதுசு விற்கும் என்ற வியாபாரக் கணக்கு இது. தொழிற்சாலைப் பக்கம் வேறொரு லாபம்: பஞ்சும் டையும் தேயும்வரை ஓடலாம், டிசைன் மாறிவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம்.

ரயில் எப்போது வந்தது?

முதல் உலகப் போருக்கு முன் நல்ல பொம்மை ரயில் என்றால் ஜெர்மனிதான். மார்க்லின், பிங் என்று பெரிய கம்பெனிகள். போர் வந்ததும் ஜெர்மன் சரக்கு நின்றுபோனது. லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் 1914-ல் பெரிய தொழிற்சாலை கட்டியிருந்த ஹார்ன்பி, 1920-ல் தன் பெயரிலேயே ரயிலை இறக்கினார். தகரத்தில் செய்தது, சாவி கொடுத்தால் ஓடும். ஆரம்ப எஞ்சின்கள் மெக்கானோ போலவே நட், போல்ட்டில் முடுக்கியவை. கழற்றி மாட்டலாம்.

1930-களின் தொடக்கத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வைக்க சின்னச் சின்ன உலோகக் கார்களும் வந்தன. அவைதான் பின்னால் டிங்கி டாய்ஸ் ஆயின. நடுவே 1931-ல் எவர்ட்டன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆனார், நாலு வருஷம் இருந்தார். அரசியலில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை.

1936 செப்டம்பர் 21-ல் இறந்தார். இன்று உலகம் ஹார்ன்பி என்றதும் நினைக்கும் சின்ன அளவு ரயிலை அவர் பார்க்கவே இல்லை. 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் ஹார்ன்பி டப்ளோ வந்தது 1938-ல். அதில் எஞ்சினின் உடலே துத்தநாகக் கலவையில் வார்த்தது. தகரத்தை மடித்த காலம் முடிந்து, அச்சின் காலம் தொடங்கிவிட்டது.

அச்சு ஏன் இவ்வளவு முக்கியம்?

அச்சு என்பது இரண்டு பாதி எஃகுக் கட்டிகள். நடுவே எஞ்சின் வடிவத்தில் வெற்றிடம். உருகிய உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ அழுத்திச் செலுத்தி, ஆறியதும் திறந்தால் பொம்மை வெளியே வரும். ரிவெட் தலை, ஜன்னல் சட்டம், எல்லாவற்றையும் தலைகீழாக எஃகில் வெட்ட வேண்டும். ஒரு எஞ்சினுக்குப் பல அச்சுகள். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்கே போய்விடும். அப்புறம் ஆகும் செலவு மூலப்பொருளும் கூலியும்தான். அதனால்தான் கம்பெனி திவாலானால் கடன்காரர்கள் முதலில் அச்சைத் தேடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல இன்று தொட்டாலே நொறுங்குகின்றன. துத்தநாகத்தில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் காலப்போக்கில் உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். ஆனால் எஃகு அச்சுக்கு அந்த வியாதி இல்லை. எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

பெயர் ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம்

1964-ல் டிரை-ஆங் பொம்மைகளைச் செய்துவந்த லைன்ஸ் பிரதர்ஸ் கம்பெனி மெக்கானோவை விழுங்கியது. அவர்களிடம் ஏற்கெனவே மார்கேட் ஊரில் தயாராகும் பிளாஸ்டிக் ரயில் இருந்தது. எனவே ஹார்ன்பியின் பெயரை மட்டும் எடுத்து அந்த ரயிலில் ஒட்டிக்கொண்டார்கள். டப்ளோவின் அச்சுகள் பல ரென் என்ற சின்னக் கம்பெனிக்குப் போயின. 1957-ல் ஹார்ன்பி டப்ளோவாக வந்த கேசில் வகை எஞ்சின், பிறகு ரென் பெட்டியில் வந்தது இப்படித்தான். 1990-களின் தொடக்கம் வரை ரென் அவற்றை ஓட்டியது. அதன்பின் வேல்ஸைச் சேர்ந்த டாப்போல் வாங்கியது.

ஆக, இன்று கடையில் ஹார்ன்பி என்று எழுதியிருக்கும் ரயிலின் பூர்வீகம் மார்கேட். ஹார்ன்பியின் தொழிற்சாலையில் பிறந்த அச்சுகளோ வேறு பெயரில் உழைத்தன. என்னைக் கேட்டால், வாரிசு யார் என்ற கேள்விக்கு அச்சின் பக்கம்தான் ஓட்டுப் போடுவேன்.

அதே டாப்போல் கையில் வேறொரு பழைய கூட்டமும் இருக்கிறது. ரோஸ்பட் என்ற பொம்மைக் குழந்தை செய்யும் கம்பெனி 1959-ல் கிட்மாஸ்டர் என்று பிளாஸ்டிக் ரயில் கிட்களை இறக்கியது. ஸ்டீபன்சனின் ராக்கெட் எஞ்சின் அதில் ஒன்று. அந்த அச்சுகளை 1962-ல் ஏர்ஃபிக்ஸ் வாங்கி, சுற்றிச் சுற்றி 1980-களில் டாப்போலிடம் வந்து சேர்ந்தன. இரண்டாம் பத்தியில் சொன்ன கிட்கள் இவைதான். பழைய அச்சில் விளிம்புகள் கொஞ்சம் பிசிறு அடிக்கும், கத்தியால் சீவ வேண்டியிருக்கும். ஆனால் போட்ட காசு எப்போதோ வந்துவிட்டது, விலையைக் குறைவாக வைக்கலாம். புது ஆட்கள் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைய அதுவே வாசல்.

பின்ஸ் ரோடு தொழிற்சாலைக்கு அந்த யோகம் இல்லை. 1971-ல் லைன்ஸ் பிரதர்ஸ் கவிழ்ந்தபின் மெக்கானோவும் ஏர்ஃபிக்ஸ் கைக்கு வந்தது. 1979 நவம்பரில் ஏர்ஃபிக்ஸ் அதை மூடியது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் திடீரென்று வேலையிழந்து, ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். பலனில்லை. இரண்டே வருஷத்தில் ஏர்ஃபிக்ஸும் திவால். 2006-ல் அந்த ஏர்ஃபிக்ஸ் பெயரை வாங்கியது யார் தெரியுமா? மார்கேட் ஹார்ன்பி கம்பெனி! அப்புறம் வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் சிலவற்றில் மேட் இன் இந்தியா என்று அச்சிட்டிருந்தது.

ஹார்ன்பி வீட்டு அச்சுகள் இந்தியாவுக்கு வருவதும் புதுசில்லை. 1960-களின் இறுதியில், லிவர்பூலில் ஓய்வு கொடுத்த டிங்கி கார் அச்சுகள் சில கல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. அங்கே டிங்கியை நிக்கி ஆக்கி, நிக்கி டாய்ஸ் என்று ஜாகுவாரும் ஃபோக்ஸ்வேகனும் வார்த்தார்கள். பெயிண்ட் கொஞ்சம் முரடு. ஆனால் உடல் அதே லிவர்பூல் உடல். இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். வீட்டுப் பரணில் அப்பாவோ தாத்தாவோ விளையாடிய இரும்பு கார் ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்குப் போடும் முன் ஒருமுறை கவிழ்த்து அடித்தகட்டைப் பார்த்துவிடுங்கள்.