மோரீன் கொனொலி

மோரீன் கேத்தரீன் கொனொலி (செப்டம்பர் 17, 1934 – ஜூன் 21, 1969) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டென்னிஸ் வீராங்கனை ஆவார். கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் பிறந்த இவர், 1951 இல் தமது 16 ஆவது அகவையில் அமெரிக்க ஒற்றையர் பட்டத்தை வென்றார்.

தோள் காயம்

விம்பிள்டனில் அக்காலத்தில் தொழில்முறை சாராதோர் மட்டுமே ஆடினர். பரிசுப் பணம் கிடையாது. 1952 இல் முதன்முறையாக அங்கு ஆடச் சென்ற கொனொலிக்குத் தோளில் காயம் ஏற்பட்டது. போட்டியிலிருந்து விலகுமாறு பயிற்சியாளர் எலினார் டெனன்ட் வற்புறுத்தினார். கொனொலி மறுத்தார்; சிறு வயது முதல் தம்மை உருவாக்கிய பயிற்சியாளரைப் பிரிந்து தொடர்ந்து ஆடினார். இறுதியாட்டத்தில் லூயிஸ் புரோவை 7-5, 6-3 என வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தோள் மேலும் கெட்டிருந்தால் இம்முடிவு வேறுவிதமாகப் பேசப்பட்டிருக்கும்.

1953 இல் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் பெண்ணானார்.

கால் காயம்

1954 ஜூலையில், மூன்றாவது விம்பிள்டன் வெற்றிக்குச் சில நாட்களின் பின், குதிரைச் சவாரியின்போது காங்கிரீட் கலவை லாரியால் ஏற்பட்ட விபத்தில் வலது கால் கடுமையாகக் காயமுற்றது. மீண்டும் ஆட முயன்றும் இயலாமல் 1955 இல் ஓய்வு பெற்றார். இழப்பீட்டு வழக்கில், தொழில்முறை ஆட்டக்காரராகி அவர் ஈட்டியிருக்கக்கூடிய வருவாயும் கருத்திற் கொள்ளப்பட்டது. வழங்கப்பட்ட 95,000 டாலரை மாநில உச்ச நீதிமன்றம் 1957 இல் உறுதி செய்தது.

1955 இல் நார்மன் பிரிங்கரை மணந்தார். புற்றுநோயால் டாலஸ் நகரில் தமது 34 ஆவது வயதில் காலமானார்.