வால்ட் டிஸ்னி வீட்டுத் தோட்டத்தில் ஓடிய ரயில்: ஏன் நின்றது?

மிக்கி மவுஸ் புகழ் வால்ட் டிஸ்னிக்கு (1901-1966) ரயில்னா உயிர். பதின்வயதில் ரயிலில் தின்பண்டம் விற்றவர் அவர்.

1950-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுத் தோட்டத்தில் சுமார் 800 மீட்டருக்குத் தண்டவாளம் போட்டார். நிஜ ரயிலில் எட்டில் ஒரு பங்கு அளவு. ஆனாலும் நீராவியில் ஓடும். ஆள் ஏறி உட்காரலாம். மனைவி லில்லியனின் பூச்செடிகள் கெடக்கூடாதே என்று அடியில் சுரங்கப்பாதை அமைத்தார். இன்ஜினுக்கும் மனைவி நினைவாக 'லில்லி பெல்' என்றே பெயர்.

1953-ல் அது தடம் புரண்டது. நீராவி பட்டு, விருந்தினராக வந்த சிறுமிக்குக் காயம். அதோடு ரயிலை நிறுத்திவிட்டார். ஆசை மட்டும் நிற்கவில்லை. 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டைச் சுற்றிப் பெரிய ரயிலே விட்டார். அது இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.