காந்திஜி எழுதினார், காமராஜர் விலகினார்!

1946 சட்டசபைத் தேர்தல் நேரம். வேட்பாளர்களைப் பொறுக்கும் குழுவில் விருதுநகர் காமராஜர் இருந்தார். 1940 முதல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். மேலிடத்துக்கோ ராஜாஜிதான் வேண்டும். உள்ளூர்த் தொண்டர்களுக்கு அவர் பெயரே ஆகாது. 1942இல் இவர்கள் ஜெயிலுக்குப் போனபோது ஒதுங்கி நின்றவர் ஆச்சே!

ஜனவரியில் சென்னைக்கு வந்து திரும்பிய காந்திஜி, ராஜாஜிக்கு எதிராக ஒரு கும்பல் இருப்பதாகத் தன் பத்திரிகையில் எழுதிவிட்டார். மூன்று வருஷம் ஜெயிலில் கிடந்த காமராஜருக்குச் சுருக்கென்றது. குழுவை விட்டே விலகினார். காந்திஜி மேல் பக்தி மட்டும் குறையவில்லை. ராஜாஜியும் போட்டியிடாமல் ஒதுங்கினார்.

ஜெயித்து வந்த எம்.எல்.ஏ.க்களிடம் மேலிடம் மறுபடி ராஜாஜி பெயரைச் சொல்லிப் பார்த்தது. அவர்கள் மசியவில்லை. ஆனால் காமராஜர் ஆதரித்த முத்துரங்க முதலியாரும் தோற்றார். ஆந்திரத்து பிரகாசம் முதல் மந்திரியானார்!

அதே காமராஜர் 1964இல் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். அப்போது மேலிடமே அவர்தான்.