தாமஸ் மிட்ஜ்லி

தாமஸ் மிட்ஜ்லி (மே 18, 1889 – நவம்பர் 2, 1944) ஓர் அமெரிக்கப் பொறியாளரும் வேதியியலாளரும் ஆவார். ஃபிரியான் என்னும் குளிர்பதன வாயுவை உருவாக்கியவர். பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கும் முறையும் இவருடையதே.

வாழ்க்கை

பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பீவர் ஃபால்ஸ் நகரில் பிறந்தார். 1911 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக ஆய்வு செய்தார். ஈய ஆய்வுகளால் 1923 இல் தாமே ஈய நச்சுக்கு ஆளானார். 1940 இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. படுக்கையிலிருந்து எழுவதற்காகத் தாமே அமைத்துக்கொண்ட கயிறு-கப்பிப் பொறி கழுத்தை இறுக்கி இறந்தார்.

ஃபிரியான்

1920களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தக டைஆக்சைடு, மீத்தைல் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. இவை கசிந்து உயிரிழப்புகள் நேர்ந்தன. 1928 இல் மிட்ஜ்லியும் ஆல்பர்ட் ஹென்னும் டைகுளோரோடைஃபுளோரோமீத்தேனைத் தேர்ந்தனர். இது ஏறத்தாழ −30 பாகை செல்சியசில் கொதிப்பது, எரியாதது, நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. 1930 இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் அவ்வாயுவை உள்ளிழுத்து, மெழுகுவர்த்திச் சுடர்மீது ஊதி அணைத்துக் காட்டினார்.

இந்நற்குணமே பின்னர் கேட்டுக்கு வழிவகுத்தது எனலாம். அமோனியாவுக்கு அஞ்சியவர்கள் இதற்கு அஞ்சவில்லை; பழுதுபார்ப்போர் பழைய 'கேஸை' அப்படியே காற்றில் திறந்துவிட்டனர். அதன் குளோரின் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என 1974 இல் ரோலண்டும் மொலினாவும் கணித்தனர். 1985 இல் அன்டார்க்டிகாவின் ஓசோன் துளை பற்றிய ஆய்வு வெளியானது. 1987 இல் மொன்றியல் நெறிமுறை கையெழுத்தானது.

பாதுகாப்பாக மீட்டெடுத்தல்

இதன்பின், பெரிய குளிர்பதன இயந்திரங்களைப் பிரிக்குமுன் வாயுவை மீட்பு இயந்திரத்தால் உறிஞ்சி உருளையில் சேர்க்கும் முறை பரவியது. உருளையை எடையிட்டுக்கொண்டே நிரப்புவர். கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது. தாண்டினால், வெயிலில் திரவம் விரிந்து உருளை வெடிக்கக்கூடும். வெவ்வேறு வாயுக்களை ஒரே உருளையில் கலத்தலும் கூடாது. கலந்தவற்றைப் பெரும்பாலும் அழிக்கவே நேரும். மேலும், இவ்வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய இயந்திர அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி, அங்கிருப்போரை மூச்சுத்திணறச் செய்யும். மிட்ஜ்லி உள்ளிழுத்துக் காட்டிய அதே வாயுதான்!

இந்தியாவில்

இந்தியா 1992 இல் நெறிமுறையில் இணைந்தது. இவ்வாயுக்களைத் தயாரித்த நிறுவனங்களுள் ஒன்றான கெம்பிளாஸ்ட் சன்மாரின் ஆலை தமிழ்நாட்டின் மேட்டூரில் இருந்தது. ஆஸ்துமா மருந்துத் தெளிப்பான்களுக்கானது நீங்கலாக, உற்பத்தி 2008 இல் நின்றது. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. எனினும் புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. ஆதலால் அதனையும் மீட்டெடுக்க வேண்டியுள்ளது.