கல்லாயுதம் கண்ட புரூஸ் பூட் துரை

நமது கார்வேட்டிநகரத்தை அடுத்த கிருஷ்ணாபுரம் அணையினின்று இறங்கிச் செல்லும் குசா ஆறு, பள்ளிப்பட்டருகே லவா ஆற்றுடன் கூடிக் கொசஸ்தலை எனப் பெயர் பெற்று, பூண்டி ஏரி வழியாக எண்ணூரிற் கடலை அடைகின்றது. பூண்டிக்கு அண்மையில், அவ்வாற்றுப் படுகையில், அத்திரம்பாக்கம் என்றோர் சிற்றூர் உண்டு. மனிதகுலம் தோன்றி வளர்ந்த வரலாற்றை மேற்படிப்பாகப் பயிலும் மாணவர், இந்தியாவைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் இவ்வூர்ப் பெயரைக் கற்றே ஆகவேண்டும். அதனை அறிவுலகிற்கு அறிவித்தவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர்.

அன்னார் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரிற் பிறந்தார். 1858 டிசம்பரில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை இராஜதானிக்கு வந்தார். இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இருப்புப் பாதை 1856லேயே திறக்கப்பட்டிருந்தது. ஆயினும், பாறை தேடுவோருக்கு அதற்கப்பால் குதிரையும் மாட்டு வண்டியும் கால்நடையுமே துணை.

அக்காலம் ஐரோப்பாவில் பெரும் விவாதம் நிகழ்ந்த காலம். பிரான்சு நாட்டில் பூஷே தெ பெர்த் என்பவர் ஆற்றுச் சரளையிலிருந்து எடுத்த கற்களை ஆதிமனிதனின் ஆயுதங்கள் என்று சொல்லிப் பல்லாண்டுகள் எள்ளி நகையாடப்பட்டார். 1859இல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நேரிற் சென்று பார்த்து, அவர் கூற்று மெய்யே என்றனர். டார்வினது நூல் வெளிவந்ததும் அவ்வாண்டே. இச்செய்திகளைப் படித்தறிந்த பூட், அங்குள்ளது இங்கும் இருத்தல் கூடுமே எனக் கருதித் தாம் செல்லுமிடமெல்லாம் சரளையை உற்றுநோக்கலானார்.

1863 மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் படைவீரர் அணிவகுக்கும் திடலருகே, சரளை தோண்டிய குழியொன்றில் அவர் கண்ணில் ஒரு கல் பட்டது. குவார்ட்சைட் என்னும் கடினக் கல். ஆற்றில் உருண்ட கல் வழவழப்பாயிருக்கும். தானே உடைந்த கல்லுக்கு ஒழுங்கிராது. இதுவோ, இருபுறமும் சில்லுச் சில்லாகப் பெயர்க்கப்பட்டு, விளிம்பு கூராக அமைந்திருந்தது. கையொன்று வேண்டுமென்றே செய்த வேலை அது என அவர் உணர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 28இல் வில்லியம் கிங் என்னும் துறைத் தோழருடன் அத்திரம்பாக்கம் சென்றபோது, அத்தகைய கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. இக் கிங் துரையே பின்னர்க் கடப்பை, கர்நூல் பாறைகளைப் பற்றிப் பெருநூல் எழுதியவர்; நமக்கு அண்மையிலுள்ள நகரி மலைப் பாறையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு வயது என்ன என்பது பூட் அறிந்திருக்க முடியாதது. 1999 முதல் அங்கு அகழ்வாய்வு நடத்திய சாந்தி பப்பு அம்மையாரும் அவர்தம் குழுவினரும், புதையுண்ட கல்லில் விண்கதிர்கள் விட்ட தடத்தை அளந்து, அவற்றின் வயது சராசரியாகப் பதினைந்து இலட்சம் ஆண்டுகள் என 2011இல் வெளியிட்டனர். பத்து இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது என்பது திண்ணம்.

பூட் துரைக்கு இதனைக் கற்பித்த ஆசிரியர் எவருமிலர். இதற்கெனப் பட்டப்படிப்பும் அன்றில்லை. அவருக்குச் சோறிட்டது நிலமளக்கும் உத்தியோகம்; கல்லாயுதம் தேடியது அதனூடே. இன்று பட்டம் பெற்ற பிள்ளை மானிடவியல் படிக்கப் போகிறேன் என்றால், அது சோறு போடுமா என நம் இல்லங்களில் வினவுகிறோம். மாதச் சம்பளத்திற் குடும்பம் நடத்துவோர் வினவாதிருக்க இயலுமா? எனினும், நம் திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்திலேயே அது முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதையேனும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

கருவி கிடைத்தது, அதனைச் செய்தவனுடைய எலும்பு கிடைக்கவில்லை. 1884இல் கர்நூல் சீமைப் பில்லசுர்க்கம் குகைகளை அவரும், படையதிகாரியான அவர் மகனும் தோண்டினர். இன்று அப்பக்கத்தில் காணவியலாத காண்டாமிருகம் முதலிய விலங்குகளின் எலும்புகள் வெளிப்பட்டன. ஆயினும் தொன்முது மனிதனின் எலும்பு அவர் வாழ்நாளில் இந்நாட்டில் கிட்டவில்லை. 1982இல், அதே நிலவியல் துறையைச் சேர்ந்த அருண் சோனகியா என்பவரே நருமதைக் கரையில் ஹத்னோரா என்னுமிடத்தில் ஆதிமனித மண்டையோட்டின் ஒரு பகுதியைக் கண்டெடுத்தார்.

1891இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பணியாற்றி, ஏற்காட்டில் இல்லம் அமைத்து வாழ்ந்தார். தென்னாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து திரட்டிய கற்கருவிகளும் மட்கலங்களும் 1904இல் எழும்பூர் அருங்காட்சிச்சாலையை அடைந்தன. அவ்வளவில் ஓய்ந்தாரல்லர். எழுபது வயதுக்கு மேற்பட்ட முதுமையிலும், ஒவ்வொரு பொருளும் எவ்வூரில் எடுக்கப்பட்டது என்பதைக் குறித்து விரிவான அட்டவணை எழுதினார். ஊர் தெரியாத கல் வெறுங்கல்லே என்பதை நன்குணர்ந்தவர் அவர். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அட்டவணை நூல் 1914இலும், அதன் விளக்கவுரை நூல் 1916இலும் அச்சேறின.