சூரி பகவந்தம்

சூரி பகவந்தம் (அக்டோபர் 14, 1909 – பெப்ரவரி 6, 1989) படிகங்களின் மீள்மைப் பண்புகளை ஆராய்ந்த இந்திய இயற்பியலாளர் ஆவார்.

வாழ்க்கை

ஆந்திராவில் பிறந்த இவர், 1928 இல் கல்கத்தாவில் ச. வெ. இராமனுடன் ஆய்வில் இணைந்தார். பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1957 முதல் 1962 வரை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தார். 1961 முதல் 1969 வரை பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகவும் விளங்கினார்.

ஆய்வுகள்

விசைக்கு உட்படும் படிகம் எத்திசையில் எவ்வளவு உருமாறும் என்பதை மீள்மை மாறிலிகள் குறிக்கின்றன. சமச்சீர்மை மிகக் குறைந்த படிகத்துக்கு இவை 21. கனசதுரப் படிகத்துக்கு 3 மட்டுமே. இத்தகைய எண்ணிக்கைகளைக் கணிதத்தின் குலக் கோட்பாட்டைக் கொண்டு பெறும் முறையைப் பகவந்தம் வளர்த்தெடுத்தார். எத்தனை மாறிலிகளை அளக்க வேண்டும் என்பது இதனால் சோதனைக்கு முன்பே தெளிவாகிறது. படிகச் சமச்சீர்மைக்கும் இயற்பியல் பண்புகளுக்கும் உள்ள தொடர்பை விளக்கும் இவரது நூல் 1966 இல் வெளிவந்தது.

பயன்பாடு

60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளாலான திண்மம், இவர் மறைந்த மறு ஆண்டான 1990 இல்தான் ஆய்வுக்குப் போதிய அளவில் தயாரிக்கப்பட்டது. அறை வெப்பநிலையில் அதன் படிகமும் கனசதுர வகையே. எனவே அதன் மீள்மையைக் கணிக்கவும் 3 மாறிலிகளே போதும்.